பட்டறை வழியாகவும் ஒரு படிப்பு

1945இல் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் நிறுவனம் பிறந்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரை அதற்கு வைத்தார்கள். தொடங்கி நடத்தியவர் ஜி.டி.நாயுடு. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தவர். வாங்கிய வண்டியைக் கழற்றி மாட்டியே இயந்திரம் கற்றுக்கொண்டவர். 1920இல் பொள்ளாச்சி – பழநி சாலையில் ஒற்றைப் பேருந்தைத் தானே ஓட்டித் தொழிலில் இறங்கியவர். அப்படி வளர்ந்த மனிதருக்கு, பையன்கள் நான்கு வருடம் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்தப் படிப்புக்கு இரண்டு வருடம் போதும், மற்றதெல்லாம் காலவிரயம் என்றார். அரசு ஒப்பவில்லை. நாயுடு பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அந்த நிறுவனத்தின் வழி வந்ததுதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

எண்பது வருடத்துக்கு முந்தைய அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் தமிழ்நாட்டின் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எந்தக் காலேஜ்?” காலேஜா, வேறு ஏதாவதா என்று கேட்பவர்கள் அரிது.

அப்படிக் கேட்பதில் தவறு இருப்பதாகச் சொல்லிவிடவும் முடியாது. உயர்கல்வியில் சேரும் இளைஞர்களின் விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பு சொல்வது இது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் அந்த 47க்குள் இருக்கிறார்கள். ஒரு மாநிலம் மூன்று தலைமுறையாகப் பாடுபட்டுச் சேர்த்த சொத்து இது.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022இல் டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்கிற அந்த வேலைகளுக்கு, பட்டமும் பட்டமேற்படிப்பும் முடித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் வரும் எண் இன்னும் கலங்க வைக்கும்: 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலை கிடைக்காதவர்கள் 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். படிப்பே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேலையில்லாமல் காத்திருக்க வசதி கிடையாது; கிடைத்ததைச் செய்கிறார். ஆனாலும், கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்தில் மூன்று வருடமோ நான்கு வருடமோ கழித்தும் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தால், அந்தப் படிப்பு யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

கல்லூரியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. அவற்றில் எது மேலே போக விடுகிறது, எது அங்கேயே நிறுத்திவிடுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்த கம்பெனி

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் அடிபடும் பெயர் ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம். ஸ்ரீதர் வேம்புவும் சகோதரர்களும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. ஆளெடுக்கும்போது, கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் பிறகு வேலையில் காட்டும் திறமைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள். அப்படியானால் கல்லூரிக்கு முன்பே பிடித்துக்கொண்டால் என்ன? 2000களின் நடுப்பகுதியில், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய மாணவர்களோடு ஒரு வகுப்பறை தொடங்கியது. இன்று அதன் பெயர் ‘ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்’. செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள தலைமை வளாகத்திலும் தென்காசிப் பக்கமும் நடக்கிறது.

ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாரையும் தள்ளுவதில்லை. தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை வேறு வருகிறது. இரண்டு வருடப் பயிற்சியில் கணக்கு, ஆங்கிலம், புரோகிராமிங் என்று தொடங்கி, பிற்பகுதியில் நிறுவனத்தின் ஏதாவது ஒரு குழுவில் உட்கார்ந்து நிஜமான மென்பொருள் வேலையே செய்கிறார்கள். டிசைனுக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று என்று தனிப்பிரிவுகள் உண்டு. குடும்பப் பொறுப்பால் வேலையை விட்டு வெளியேறிய பெண்கள் திரும்பி வர ‘மறுபடி’ என்று ஒரு பயிற்சியும் நடத்துகிறார்கள்.

கட்டடத் தொழிலாளியின் மகனும் டீக்கடைக்காரரின் மகளும் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, கல்லூரியில் படித்து வந்தவர்களுக்குச் சமமாக வேலை பார்க்கும் இடம் இது. அதற்காக இந்த முயற்சியைக் கொண்டாடத்தான் வேண்டும். கொண்டாடும்போதே இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, இது ஒரே ஒரு நிறுவனம். லட்சக்கணக்கில் ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் சில நூறு பேருக்குத்தான் இதில் இடம். இரண்டு, இங்கே கிடைப்பது பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அந்த நிறுவனத்துக்குள் அது தடையாக இருக்காது. ஆனால் அரசுத் தேர்வுக்கோ, பட்டம் கேட்கும் வெளிநாட்டு விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் இல்லாதது தெரியும். அந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்று சேரும்போதே யோசித்துவைப்பது நல்லது.

எச்.சி.எல் நிறுவனத்தின் ‘டெக்பீ’ இதில் வேறு ரகம். ப்ளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்க ஏற்பாடு செய்கிறார்கள். பட்டத்துக்கான வழி உள்ளே இருக்கிறது. பதிலுக்குப் பயிற்சிக் கட்டணம் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிவிட்டுச் சம்பளத்தில் அடைக்கலாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அரம் பிடித்த கை

கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் வெளிச்சம் கிடைக்காத இடம் ஐ.டி.ஐ. உண்மையில் இந்த நாட்டில் கல்லூரிக்கு மாற்று என்று அரசே கட்டி எழுப்பிய பெரிய அமைப்பு அதுதான். கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது 1950இல். நம் ஊர்க் குடும்பங்களில் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. “பையன் ஐ.டி.ஐ-யில் சேர்ந்திருக்கான்” என்று சொல்பவர், உடனே ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

அங்கே என்னதான் நடக்கிறது? ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவனுக்கு முதல் சில மாதங்கள் வைஸ்தான் உலகம். ஒரு இரும்புத் துண்டைக் கொடுப்பார்கள். அளந்து கோடு போட்டு, ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவ வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். நான்கு பக்கமும் ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் வர வேண்டும். மட்டத்தை வைத்துப் பார்த்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. முதல் வாரத்தில் யாருக்கும் வராது. அரம் பிடிக்கும் கை ஆடும், துண்டின் நடுப்பகுதி மேடாக நிற்கும், ஓரம் தேய்ந்து போகும். திரும்பத் திரும்ப ராவிக் கை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் வெர்னியர், மைக்ரோமீட்டர், டிரில்லிங், லேத் என்று அடுத்த கட்டம். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தவறினால் ஒரு பாகம் இன்னொன்றில் உட்காராது என்பதைக் கை வழியாகப் படித்தவனுக்கும் புத்தகம் வழியாகப் படித்தவனுக்கும் வித்தியாசம் உண்டு. சி.என்.சி இயந்திரம் வந்த பிறகும் இந்த அறிவுக்கு மதிப்புக் குறையவில்லை. இயந்திரம் தவறு செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, சரியான பாகம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். சில பிரிவுகளில் எட்டாம் வகுப்பு முடித்தாலே சேரலாம். அரசு ஐ.டி.ஐ-களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய், கல்லூரியைப் போலவே ஐ.டி.ஐ-க்கும் பொருந்தும். பெண்கள் சேர வயது வரம்பே கிடையாது. முப்பத்தைந்து வயதில் ஒரு தொழில் கற்க நினைக்கும் அம்மாவும் போகலாம். இந்த ஒரு வசதியைப் பற்றித் தெரியாத ஊர்கள் எத்தனையோ.

பழைய லேத்துகளை வைத்துக்கொண்டு புதிய தொழிற்சாலைக்கு ஆள் தயார் செய்ய முடியாது என்ற குறை நீண்ட நாள் இருந்தது. அதற்காக டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ-களை சுமார் 2,877 கோடி ரூபாயில் ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றும் வேலையைத் தமிழக அரசு எடுத்தது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடக்க விழா நடந்தது. ரோபோ, முப்பரிமாண அச்சு, மின்வாகனப் பழுதுநீக்கம் என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலத்தில் இது என்றோ நடந்திருக்க வேண்டிய செலவு.

ஐ.டி.ஐ-யைப் போலவே பலருக்குத் தெரியாமல் கிண்டியில் இருக்கிறது சிப்பெட். பிளாஸ்டிக் துறைக்காக 1968இல் தொடங்கிய மத்திய நிறுவனம். பத்தாம் வகுப்பு முடித்து அச்சு வார்ப்பில் மூன்று வருட டிப்ளமோ படிக்கலாம். சுவிட்சர்லாந்து உதவியோடு 1959இல் கேரளத்தின் தலச்சேரிப் பக்கம் நெட்டூரில் பிறந்த என்.டி.டி.எஃப், டூல் அண்ட் டை மேக்கிங் என்றால் இன்றும் தொழில்துறையில் தலைநிமிர்ந்து சொல்லப்படும் பெயர். ஒரு செல்போன் உறையோ கார் கைப்பிடியோ லட்சக்கணக்கில் அச்சு மாறாமல் வர வேண்டுமானால், அந்த அச்சை முதலில் ஒருவர் செதுக்கியாக வேண்டும். அந்தக் கைத்திறனுக்குத் தட்டுப்பாடு தீர்ந்ததே இல்லை.

மேலே ஏற வழி இருக்கிறதா?

ஐ.டி.ஐ-யில் சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க வைஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான் என்ற பயம் பெற்றோருக்கு இருக்கிறது. சட்டப்படி நிலைமை அப்படி இல்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ-யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அது மட்டுமில்லை: பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐ.டி.ஐ முடித்து, தமிழ், ஆங்கிலத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்கு இணை என்று தமிழக அரசு 2022இல் ஆணையிட்டிருக்கிறது. எட்டாம் வகுப்போடு ஐ.டி.ஐ முடித்தவருக்கு அதேபோல் பத்தாம் வகுப்புக்கு இணை கிடைக்கும்.

இந்த ஆணை எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தாள் இல்லாமல் அடிபட்டவர்களுக்குத் தெரியும். பத்தும் ப்ளஸ் டூவும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள், அரசு வேலை என்று வரும்போது அந்தப் பட்டம் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்ட வரலாறு இங்கே உண்டு. படித்த வரிசை சரியாக இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. கல்லூரிக்கு மாற்றாக எந்த வழியில் இறங்கினாலும், அதிலிருந்து அடுத்த படிக்குப் போக அரசு ஏற்கும் தாள் கையில் வருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

ஐ.டி.ஐ-க்கு அடுத்து அப்ரெண்டிஸ். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தது 6,000 ரூபாய், ப்ளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய் மாத உதவித்தொகை என்று 2019இல் விதித்தார்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப் இதற்கு நல்ல உதாரணம். 1955இல் நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. முதல் வந்தே பாரத் ரயில் உருவான இடம். 2024இல் அங்கே அறிவிக்கப்பட்ட பழகுநர் இடங்கள் 1,010. அதில் 680 ஐ.டி.ஐ முடித்தவர்களுக்கு; 330 இடங்கள் பள்ளிப் படிப்பை மட்டும் முடித்து நேராக வருபவர்களுக்கு. நுழைவுத்தேர்வு இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. பதினாறு வயதில் இவ்வளவு பெரிய தொழிற்சாலைக்குள் நின்று வெல்டிங் கற்கும் வாய்ப்பு எந்தத் தனியார் கல்லூரியிலும் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பயிற்சி முடிந்த பிறகு? இங்கேதான் வழி குறுகுகிறது. பழகுநருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையை வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ரயில்வேயில் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் அப்ரெண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மிச்சம் பேர் சான்றிதழை வைத்துக்கொண்டு சென்னையில் போராட்டம் நடத்தியதை நாம் பார்த்திருக்கிறோம். தனியார் தொழிற்சாலைகளில் ஒரு பேட்ச் பழகுநர்கள் போனதும் அடுத்த பேட்ச் வருகிறது. நிரந்தர ஆள் செய்யும் வேலையைக் குறைந்த செலவில் முடித்துக்கொள்ள இதுவே ஒரு வழியாகிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் பழகுநர் தொழிலாளி கிடையாது, பயிற்சி பெறுபவர் மட்டுமே. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு சுரண்டலை ஒளித்துவைக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

கொங்கு வட்டாரத்திலும் திண்டுக்கல் பகுதியிலும் நூற்பாலைகளில் நடந்த ‘சுமங்கலித் திட்டம்’ அந்தச் சாட்சி. வறண்ட மாவட்டங்களின் ஏழை வீட்டுப் பதின்வயதுப் பெண்களை அப்ரெண்டிஸ் என்ற பெயரில் மூன்று வருடத்துக்கு அழைத்து வந்தார்கள். ஆலை விடுதியில் தங்க வேண்டும், வெளியே போகத் தடை, இரவு ஷிப்ட், சொற்பச் சம்பளம். மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை. உடம்பு முடியாமல் நடுவில் போனவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. அந்தப் பெண்கள் கற்றுக்கொண்ட தொழிலும் இல்லை, வெளியே வரும்போது கையில் செல்லுபடியாகும் சான்றிதழும் இல்லை. கல்லூரிக்கு மாற்று என்று யார் என்ன சொன்னாலும் இந்தப் பெண்களை மறந்துவிட்டுக் கேட்கக் கூடாது.

இதைவிடப் பழைய நினைவு ஒன்றும் இந்த மண்ணுக்கு உண்டு. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப் பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் படித்தால் போதும்; மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். வெட்டுபவர் மகன் வெட்ட, துவைப்பவர் மகன் துவைக்க, பூசை செய்பவர் மகன் மட்டும் படிக்கவா என்று மாநிலமே கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. மத்திய அரசு 2023இல் 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோது, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டித் தமிழகம் மறுத்ததும், சாதியைக் கேட்காத ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ என்று தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டதும் அந்த நினைவின் தொடர்ச்சிதான்.

ஆகவே, “எல்லாரும் காலேஜ் போக வேண்டியதில்லை” என்று வசதியுள்ள ஒருவர் மேடையில் சொல்லும்போது, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழைத் தகப்பனுக்குச் சந்தேகம் வருவது நியாயம். அவருடைய பிள்ளைகளை மட்டும் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, உங்கள் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறீர்கள்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உள்ள இடத்தில்தான் மாற்றுக் கல்வி மதிப்போடு நிற்கும்.

அப்படிப் பதில் வைத்திருக்கும் நாடுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடிக்கும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தொழிற்கல்விக்குத்தான் போகிறார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, மிச்ச நாள் பள்ளி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. உலகின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றான யு.பி.எஸ்ஸின் தலைமைச் செயல் அதிகாரி செர்ஜியோ எர்மோட்டி, பதினைந்து வயதில் லுகானோ நகரத்து வங்கியொன்றில் பழகுநராகச் சேர்ந்தவர். தொழிற்கல்வியோடு சேர்த்து ஒரு தேர்வு எழுதினால் உயர்கல்விக்குப் போக அங்கே 1990களிலிருந்து வழி திறந்திருக்கிறது. ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டப்படி பழகுநரோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். தேர்வு வைப்பது முதலாளி கிடையாது, தொழில் வணிகச் சபை. அனுபவத்துக்குப் பிறகு ‘மைஸ்டர்’ தகுதி பெற்றவரின் தேசியத் தகுதி நிலையும் இளங்கலைப் பட்டதாரியின் நிலையும் ஒன்றே. முதலாளியின் கருணையை நம்பாமல் சட்டத்தாலும் தேர்வாலும் கட்டிய மதிப்பு அது. அந்த நாட்டுப் பழகுநர் பயிற்சிக்கு, ‘ஆஸ்பில்டுங்’ என்று சொல்லி, ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இப்போது கிளம்புகிறார்கள். அதற்குள்ளேயே தரகர்களும் முளைத்துவிட்டார்கள்.

ஆடிட்டர் ஆபீஸும் ஐ.ஐ.டி-யும்

பட்டறை என்றால் இரும்பு மட்டும்தானா? ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களுக்குப் பழைய, மதிப்பான பழகுநர் வழி ஒன்று உண்டு: சி.ஏ. ப்ளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன், பிறகு இன்டர், பிறகு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப், கடைசியில் ஃபைனல். 2023க்குப் பிந்தைய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம். கல்லூரிப் பட்டம் இல்லாமலேயே சி.ஏ ஆகலாம், பலர் அஞ்சல் வழியில் பி.காமையும் முடித்துக்கொள்கிறார்கள். பாடம் கடினம், தேர்ச்சி விகிதம் குறைவு. அதைவிடப் பெரிய தடை, தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும் என்பது. இந்தி வழியில் படித்த பிள்ளைக்குத் தன் மொழியில் சி.ஏ எழுத வழியிருக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இல்லை. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும்.

பட்டமும் வேண்டும், கல்லூரிக்கு நேரில் போகவும் முடியாது என்பவர்களுக்கு 2020க்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி ஒரு கதவைத் திறந்திருக்கிறது. டேட்டா சயின்ஸ் பி.எஸ் படிப்பு. ஜே.இ.இ தேவையில்லை, நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே வரலாம். பாடம் இணையத்தில், முக்கியத் தேர்வுகள் மையத்துக்குப் போய் நேரில். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி, பி.எஸ் என்று எந்தக் கட்டத்திலும் தாளோடு வெளியேறலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே, ஐ.டி.ஐ முடித்துத் தொழிற்சாலையில் இருந்துகொண்டே, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படிக்கிற படிப்பு. எளிதான படிப்பு என்று யாரும் ஏமாற வேண்டாம். புள்ளியியலும் புரோகிராமிங்கும் வாரம் தவறாமல் வீட்டுப்பாடம் கேட்கும்.

அரசு இனிச் செய்ய வேண்டியவை வெளிப்படையானவை. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளிகளில் நடக்கும் ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டல், ஐ.டி.ஐ-யையும் பழகுநர் பயிற்சியையும் கல்லூரிக்கு இடம் கிடைக்காதவர்களுக்கான மிச்சமாகக் காட்டாமல், முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவருக்கும் சேர்த்தே எடுத்துச் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்த எத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம் என்ற எண்ணை ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த எண் இல்லாத இடத்துக்கு அடுத்த பேட்ச் போகக் கூடாது. ஐ.டி.ஐ முடித்தவரை ஒப்பந்தக்காரர் வழியாக எடுத்து, திறன் இல்லாதவருக்கான கூலி கொடுப்பதை நிறுத்த வேண்டும். இரண்டு வருடம் அரம் பிடித்துக் கற்றவனுக்கும் எதுவும் கற்காதவனுக்கும் ஒரே சம்பளம் என்றால், யார் போய் ஃபிட்டர் படிப்பார்கள்?

வீடுகளில் செய்யக் கூடியது இதைவிட எளிது. ரிசல்ட் வந்த வாரத்தில், நான்கு கல்லூரிகளின் விளம்பரத்தைப் பார்ப்பதோடு சேர்த்து, பக்கத்து அரசு ஐ.டி.ஐ-க்கும் பிள்ளையை ஒருமுறை அழைத்துப் போகலாம். எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பாலிடெக்னிக்குக்குப் போனார்கள் என்று பயிற்றுநரிடம் கேட்கலாம். இதே கேள்விகளைக் கல்லூரி அலுவலகத்திலும் கேட்கலாம். விண்ணப்பம் போட அங்கேயும் இங்கேயும் சில வாரங்கள்தான் அவகாசம்.